முறுக்கு டின்னுக்கு மேலே மோட்டார்

மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்
3.11.2025

பாலக்கரைப் பேரரசின் சக்கரவர்த்தினியும், முழுசாக இருக்கிற எதையும் உடைத்துப் பார்க்காமல் சோறு இறங்காதவளும், என் அக்கா விஜயராணியின் ஒரே மகளுமான தேவதர்ஷினிக்கு,

உன் தாய்மாமன் ராசப்பன் எழுதுவது. நான் நலம். நீ எப்படி என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

போன மாதம் பதினேழாம் தேதி உங்கள் மீட்டிங்கிலிருந்து எழுந்து, ஆபீசையே விட்டு வந்தபோது, 'இனி இவளோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன்' என்று சபதம் செய்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றபோது உறுதிக்காக இன்னொரு தடவை செய்தேன். அதன்படி நீ போட்ட பதினான்கு போனையும் எடுக்கவில்லை. நேற்று அந்தச் சபதத்தை வக்கீல் பத்திரம் பார்ப்பதுபோல் அலசிப் பார்த்தேன். பேசமாட்டேன் என்றுதான் இருக்கிறது. எழுதமாட்டேன் என்று எங்கேயும் இல்லை.

நடந்ததை மறந்திருப்பாய், சொல்கிறேன். மலைவாசல் பார்சல் சர்வீசின் புரோகிராமை 2003-இல் தனி ஆளாக உட்கார்ந்து எழுதியவன் நான். ஒரே கோப்பு. நாற்பத்தோராயிரம் வரி. அச்செடுத்தால் மலைக்கோட்டையை ஏழு சுற்று சுற்றி, உச்சிப்பிள்ளையாருக்கு ஒரு வேட்டி போக, மிச்சத்தில் யானைக்கு ஒரு துண்டும் கிடைக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பார்சல் தொலைந்ததில்லை (தொலைந்தவை தாமாகவே போனவை). அந்தப் புரோகிராமைப் பெரிய திரையில் போட்டு, முதலாளி ஹரிஹரசுதன் முன்னால், பதினொரு பேர் முன்னால், டீ கொண்டுவந்தவர் முன்னால் நீ சொன்னாய்: "இது எழுதினவருக்கே இப்ப புரியாது."

கைதட்டல்கூட விழுந்தது. யார் தட்டியது என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓடுகிற மாட்டை நறுக்கி, கால் தனி, வால் தனி என்று வைத்துவிட்டு, 'இனி வேகமாக ஓடும்' என்கிறாயே, எப்படி? பதில் எழுது. கடிதம் நம் வேன் ஓட்டும் கியாசுதீன் கையில் வரும். பதிலும் அவர் கையிலேயே வரட்டும். தபாலில் எனக்கு நம்பிக்கை இல்லை. தொழில் போட்டி.

இப்படிக்கு,
நாற்பத்தோராயிரம் வரிகளின் தகப்பன்

*

பாலக்கரை
6.11.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் மீட்டிங்கில் பாதியில் எழுந்து போய்விட்டதால் மீதியை எழுதுகிறேன்.

ஆகஸ்டில் எங்கள் டீமில் இருக்கிற சம்ரீன் ரசீதில் எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். வயதானவர்கள் படிக்க முடியவில்லை என்றார்கள். அவ்வளவுதான் செய்தாள். மறுநாள் திருவெறும்பூர் கிளையில் டிரைவர்களின் லீவுப் பட்டியல் காணாமல் போனது. ரசீதுக்கும் லீவுக்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடிக்க எட்டு நாள் ஆனது. இரண்டும் ஒரே இடத்தில் எண்களை வைத்து எடுக்கின்றன. ஒன்று நகர்ந்தால் இன்னொன்று விழுகிறது. உங்கள் மாடு ஓடுவது உண்மைதான். ஆனால் அதன் காதைத் தொட்டால் வால் விழுகிறது.

அதனால் ஐந்து மாட்யூலாகப் பிரிக்கிறோம். வீட்டில் அறை பிரிப்பது மாதிரி. ஒரு பார்சல் போகிற வழிதான் கணக்கு. அதை வாங்கி எழுதிக்கொள்வது பதிவு. எவ்வளவு வாங்குவது என்பது கட்டணம். வேனில் எது அடியில், எது மேலே என்று சீட்டு போடுவது ஏற்றம். எந்த ரோட்டில் போவது என்பது வழி. ஆள் கையில் கொடுப்பது பட்டுவாடா. ஒவ்வொரு அறைக்கும் ஒரே வாசல். என்ன வேண்டுமானாலும் வாசலில் நின்று கேட்கலாம். உள்ளே போய் அடுத்தவர் அலமாரியில் கை விடக்கூடாது. இதுதான் விதி. இதை மீறுகிற வரியைக் கம்ப்யூட்டரே ஏற்காதபடி பூட்டிவிட்டோம்.

கெடு வைகுண்ட ஏகாதசி, டிசம்பர் முப்பது. அந்த வாரம் ஸ்ரீரங்கத்துக்குப் பார்சல் இரண்டு மடங்கு வரும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்குள் புதியது ஓடவில்லை என்றால் ஜனவரியில் சென்னையிலிருந்து ரெடிமேட் பேக்கேஜ் வாங்கிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். வாங்கினால் நாங்கள் நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சம்ரீன் பெங்களூர் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே இருக்கிறாள். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உதவி கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. கட்டணப் பகுதியில் 27,316-ஆவது வரிக்கு மேல் 'இதைத் தொடாதே. தொட்டால் தெரியும்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். என்ன தெரியும்?

தேவதர்ஷினி

*

மூலத்தோப்பு
10.11.2025

ஐந்து அறை கட்டிய மயனின் பேத்திக்கு,

27,316-ஆவது வரியா! அடேயப்பா! அந்த வரியை எழுதியபோது காவிரி ஒரு நிமிஷம் நின்று போனது. முக்கொம்பில் மீன்கள் கரையேறிப் பார்த்தன. அப்பேர்ப்பட்ட வரியின் ரகசியத்தை ஒரு பார்சல் வேனில் அனுப்பச் சொல்கிறாயா? முடியாது. நேரில் வந்து கேள். பதில் சொல்ல மாட்டேன், அது வேறு விஷயம்.

இருக்கட்டும். ஐந்து அறை என்று எழுதியிருக்கிறாய். கியாசுதீன் வேறு கதை சொல்கிறார். அவர் சொன்னது: "ஆபீஸ் போர்டுல ஆறு கட்டம் போட்டிருக்காங்க ராசண்ணே. ஆறாவதுதான் பெருசு. 'பொது'ன்னு எழுதியிருக்கு. எதைப் பத்திப் பேசினாலும், 'அத இப்போதைக்குப் பொதுவுல போடு'ங்கிறாங்க."

மருமகளே! இதற்காகவா என் மாட்டை அறுத்தாய்? உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு இடம் இருக்கிறதே, அதில் என்னென்ன இருக்கிறது என்று உன் அம்மாவையே கேள். கொசுவலை, ஓடாத மிக்ஸி, உன் பழைய சைக்கிள், நான் 2011-இல் கொடுத்து இன்றுவரை திரும்பாத என் ஏணி. யாருக்கு எது வேண்டுமானாலும் அங்கேதான் ஓட வேண்டும். அதை எடுத்தால் இது சரியும். என் நாற்பத்தோராயிரம் வரியும் அப்படித்தான் இருந்தது என்றுதானே பதினொரு பேர் முன்னால் சொன்னாய்? இப்போது அதையே 'பொது' என்று பெயர் மாற்றி, பின்வாசல் வழியாகக் குடி வைத்திருக்கிறாய்.

உள்ளே எத்தனை உருப்படி? எண்ணி எழுது.

இப்படிக்கு,
தன் ஏணியை இன்னும் மறக்காத
ராசப்பன்

*

பாலக்கரை
15.11.2025

மாமாவுக்கு,

நூற்று நாற்பத்து மூன்று.

எண்ணும்வரை எங்களுக்கே தெரியாது. சம்ரீனும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்து, 'இது யார் வேலை? இது மாறினால் யார் போய் மாற்றணும்?' என்று கேட்டோம். ஊர்ப் பெயரைச் சரிபார்ப்பது வழிக்குப் போனது. வேன் தாங்கும் எடை ஏற்றத்துக்குப் போனது. கையெழுத்துப் படம் பட்டுவாடாவுக்கு. நாற்பதுக்கும் மேல் யாருமே கூப்பிடாதவை, அழித்துவிட்டோம். கடைசியில் ஒன்பதுதான் மிஞ்சியது. தேதி எழுதுவது, ரசீது எண்ணைப் பிரிப்பது போன்றவை. அவை உண்மையிலேயே எல்லோருக்கும் வேண்டியவை. பொது இப்போது சின்னக் கட்டம்.

நீங்கள் சொன்னது சரி. ஆனால் நீங்கள் சொன்ன விதத்தில் ஏணிதான் அதிகம். ஏணியைக் கியாசுதீன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

27,316-க்குப் பதில் வரவில்லை. நாங்களே பார்த்தோம். சில சாமான்களை 'ஏழாம் வகை' என்று மாற்றுகிறது. ஏழாம் வகைக்கும் சாதா வகைக்கும் கட்டணம் ஒன்றுதான். அதனால் அந்த வரி எந்த வேலையும் செய்யவில்லை. எடுத்துவிட்டோம். எல்லா டெஸ்டும் பாஸ்.

23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை மணப்பாறை, திருவெறும்பூர் சரக்கை முழுக்கப் புதிய புரோகிராமில் ஓட்டிப் பார்க்கிறோம்.

தேவதர்ஷினி

*

பாலக்கரை
24.11.2025

மாமாவுக்கு,

நேற்று ஸ்ரீரங்கம் வேனில் மணப்பாறையிலிருந்து வந்த பதினெட்டு டின் முறுக்கு ஏறியது. புதிய புரோகிராம் போட்ட சீட்டின்படி அவை அடியில். அவற்றின் மேல் திருவெறும்பூரிலிருந்து வந்த மோட்டார்கள்.

லோடுமேன்களைக் குறை சொல்ல முடியாது. மணப்பாறைக்காரர்கள் டின்னைச் சாதாரண அட்டைப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே என்ன என்று வெளியே எழுதாமல்தான் அனுப்புவார்கள். முறுக்கு என்று எழுதினால் போய்ச் சேரும்போது டின் பாதிதான் இருக்கும் என்பது அவர்களுடைய பல வருஷ அனுபவம். பெட்டியின் மேல் நம்பர் மட்டும் இருக்கும். எதை மேலே வைப்பது என்று சீட்டு மட்டும்தான் சொல்ல வேண்டும். சீட்டு சொல்லவில்லை.

இன்று காலை மணப்பாறை வேலம்மாள் அக்கா போன் செய்தார். "ஏம்மா, நான் அனுப்பிச்சது முறுக்கு. அங்க போய்ச் சேர்ந்தது மாவு. மறுபடி மாவாக்கிறதுக்கா நான் அத்தனை எண்ணெய் காய வச்சேன்? உங்க மாமா இருந்தப்ப இந்தப் பதினாறு வருஷத்துல ஒரு டின்னு நசுங்கினதில்லையே!"

முதலாளி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "டிசம்பர் பதினாலு, ஞாயித்துக்கிழமை. இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க. அன்னைக்கும் ஒரு புகார் வந்துச்சுன்னா பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்காதீங்க தர்ஷினி" என்றார்.

ஏழாம் வகை என்றால் 'மேலே வை' என்று அர்த்தம், இல்லையா? பழைய ஏற்றப் பகுதி கட்டணத்தின் அலமாரிக்குள் கையை விட்டு, ஏழு இருக்கிறதா என்று பார்த்துத்தான் மேலே வைத்திருக்கிறது. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வாரமாகக் காவிரி நின்றது, மீன் பார்த்தது என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். என் மேல் கோபம் சரி. சம்ரீன் உங்களை என்ன செய்தாள்?

தேவதர்ஷினி

*

மூலத்தோப்பு
27.11.2025

தர்ஷினிக்கு,

பட்டம் ஒன்றும் போடவில்லை. கவனித்திருப்பாய்.

எனக்குத் தெரியாது.

வேண்டுமென்றே மறைத்தேன் என்று நினைக்கிறாய். அப்படி இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்திருக்கும். உன் முதல் கடிதத்தில் அந்த வரி எண்ணைப் பார்த்ததும் மூன்று நாள் யோசித்தேன். பழைய நோட்டையெல்லாம் புரட்டினேன். 'இதைத் தொடாதே' என்று எழுதியவன் நான்தான் என்பது மட்டும் தெரிந்தது. ஏன் என்று ஒரு பொட்டுகூட ஞாபகம் வரவில்லை. அதனால்தான் மீனைக் கரையேற்றினேன். வேலம்மாள் டின் நசுங்கியது என்று படித்த நிமிஷம்தான் எல்லாம் திரும்பி வந்தது.

2009. வேலம்மாள் நேரே பாலக்கரை ஆபீசுக்கே வந்து, நசுங்கிய டின்னை என் மேசைமேல் கவிழ்த்தாள். அதை ஏற்றப் பகுதியில்தான் சரி செய்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பகுதி தொள்ளாயிரம் வரி. அதற்குள்ளேயே நான் அதைத் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏழு கால் பூச்சி மாதிரி கிடந்தது. தொட பயம். அதனால் எனக்குத் தெம்பாக இருந்த கட்டணப் பகுதியில் ஒரு பொய் வகையை உண்டாக்கி, 'இது ஏழு' என்று எழுதிவிட்டேன். ஏற்றம் எட்டிப் பார்த்து மேலே வைத்தது. எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். முதலாளியின் அப்பா சால்வை போட்டார். அந்தச் சால்வையை நீ பார்த்திருக்கிறாய், சிவப்பு.

பிறகு எது நசுங்கினாலும் அதை ஏழாக்கினேன். ருசி கண்ட பூனை.

மீட்டிங்கில் நீ சொன்னது அவமானம் என்று எழுந்து வரவில்லை. அடுத்த திரையில் ஏற்றப் பகுதியைப் போட்டு, "மாமா, இது என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிடுவாயோ என்ற பயம். கேட்டிருந்தால் பதினொரு பேர் முன்னால் நான் விழித்திருப்பேன். நீ கேட்பதற்குள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோபத்துக்கு ஒரு கௌரவம் உண்டு பார்.

ஏழாம் வகையில் நான் போட்டவை, ஞாபகம் உள்ளவரை: முறுக்கு, தஞ்சாவூர்த் தட்டு, வீணை, கல்யாண மாலை, முட்டை, கண்ணாடி வளையல், டியூப் லைட், மண்பானை, சாமி படம், சீர்வரிசைக் குத்துவிளக்கு. பதினோராவது ஒன்று உண்டு. வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். இன்னொன்று: ஏகாதசி வாரத்தில் உத்திர வீதிக்குள் வேன் போகாது. சரக்கை அம்மாமண்டபம் ரோட்டிலேயே இறக்க வேண்டும். அதையும் நான் வேறெங்கோ செருகியிருப்பேன். டிரைவர் லீவில் தேடிப்பார். ரசீதைப் பெரிதாக்கியதும் அங்கே ஏதோ விழுந்தது என்றாயே, அதனால் சொல்கிறேன்.

சம்ரீனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ராசப்பன்

*

பாலக்கரை
2.12.2025

மாமாவுக்கு,

ஏகாதசி வரி டிரைவர் லீவுக்குள்தான் இருந்தது. ஸ்ரீரங்கம் டிரைவர்கள் எல்லோரும் அன்றைக்கு லீவு என்று பொய்யாக எழுதி, அதனால் வேன் உள்ளே போகாதபடி செய்திருக்கிறீர்கள். சம்ரீன் சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டாள். அதை வழிக்கு மாற்றிவிட்டோம். அவள் சொல்லச் சொன்னது: "மாமாவுக்கு ஸலாம் சொல்லுங்கக்கா. மன்னிப்பெல்லாம் வேணாம். அந்தப் பதினோராவதைச் சீக்கிரம் ஞாபகப்படுத்தச் சொல்லுங்க."

முறுக்கை இப்படிச் சரி செய்திருக்கிறோம். உடையும், நசுங்கும், நிமிர்த்தி வைக்கணும் என்பதெல்லாம் சாமானின் குணம். கட்டணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்சலை வாங்கும்போதே பதிவு கேட்டு எழுதிக்கொள்கிறது. ஏற்றம் பதிவின் வாசலில் நின்று, 'இது மேலேயா கீழேயா' என்று கேட்கும். யாரும் யார் அலமாரியையும் திறப்பதில்லை. ஏழாம் வகை என்று ஒன்று இனி கிடையாது.

உண்மையைச் சொன்னால், உங்கள் தொள்ளாயிரம் வரியில் எங்களுக்கும் இருநூறு வரி இன்னும் புரியவில்லை. அதை அப்படியே ஏற்றத்துக்குள் வைத்து வாசலைச் சாத்தியிருக்கிறோம். உள்ளே என்ன ஆனாலும் மற்ற நான்கு அறைக்கும் தெரியாது. நிதானமாகப் பிரிப்போம்.

அன்றைக்கு மீட்டிங்கில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியது. திரை பெரிதாக இருந்ததும் எனக்கும் தலைக்கு ஏறிவிட்டது. தப்பு என்னுடையது. கைதட்டியது யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

14-ஆம் தேதி உங்கள் பெயருக்கு ஒரு டின் வரும். வேலம்மாள் அக்காவே ஐம்பது முறுக்கு எண்ணிப் போடுகிறார். அதே மணப்பாறை சரக்கோடு, அதே மோட்டார்களோடு அதே வேனில் வரும். முதலாளி சொன்னது: "மத்தவங்க பாவம் பார்த்து நல்லா இருந்துச்சும்பாங்க. ராசப்பன் சார் எண்ணிச் சொல்லட்டும். எழுத்துல." உங்கள் கணக்குதான் கடைசிக் கணக்கு.

எண்ணுவதற்கு முன் சாப்பிடாதீர்கள்.

தேவதர்ஷினி

*

மூலத்தோப்பு
15.12.2025

முதலாளி ஹரிஹரசுதன் அவர்களின் மேலான பார்வைக்கும், பாலக்கரை ஐந்தறை நாச்சியாரின் கவனத்துக்கும்,

மூலத்தோப்பு முறுக்கு விசாரணைக் கமிஷனின் இறுதி அறிக்கை.

நேற்றுப் பகல் பதினொன்று நாற்பதுக்கு டின் வந்து சேர்ந்தது. கமிஷன் (நான்), சாட்சி கியாசுதீன், பார்வையாளர்களாக எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு. பெட்டியில் சொட்டை இல்லை. டின்னில் நெளிவு இல்லை. வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். ஐம்பது. முழுசாக நாற்பத்தொன்பது. ஒன்று இரண்டாக உடைந்திருந்தது.

நான் முகத்தை இறுக்கிக்கொண்டு, "யார் பொறுப்பு?" என்றேன். கியாசுதீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ராசண்ணே, நீங்க மூடி தெறக்க மாட்டேங்குதுன்னு கரண்டிய விட்டு நெம்புனீங்கல்ல, அப்பதான் டக்குனு சத்தம் கேட்டுச்சு" என்றார். எதிர்வீட்டுக் குடும்பம் முழுவதும் தலையாட்டியது. எனவே ஒன்று உடைந்ததற்குக் காரணம் கமிஷனே. புரோகிராமில் குற்றமில்லை. கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்தும் கீழே உள்ளன. சென்னைப் பேக்கேஜுக்கு இங்கே வேலையில்லை என்பது கமிஷனின் பணிவான கருத்து.

அறிக்கை இத்தோடு முடிந்தது. இனி வருவது மருமகளுக்கு மட்டும். முதலாளி படிப்பதானால் கண்ணை மூடிக்கொள்ளவும்.

டின்னோடு நீ வைத்திருந்த தாளைப் பார்த்தேன். ஐந்து மாட்யூல், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கேட்க வேண்டியவர்' என்று ஒரு பெயர். பதிவுக்கு நீ. கட்டணத்துக்கும் வழிக்கும் சம்ரீன். மூன்றாவது வரியைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். 'ஏற்றம்: ராசப்பன், மூலத்தோப்பு. எழுத்தில் மட்டும். வாசலில் நின்று கேட்கவும்.'

இருநூறு வரி மிச்சம் என்று எழுதியிருந்தாயே, அதன் அச்சும் தாளோடு இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அதில் நாற்பது வரிக்கு அர்த்தம் எழுதிவிட்டேன், இணைத்திருக்கிறேன். புரியாத இடத்தில் 'புரியவில்லை' என்றே எழுதியிருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை, இரண்டு தடவை அடித்து எழுதினேன். பதினோராவது சாமானும் ஞாபகம் வந்துவிட்டது: பிறந்தநாள் கேக். உன் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு நான் பாலக்கரை ஆபீசிலிருந்து உங்கள் வீட்டுக்கு அனுப்பியது, தட்டையாக வந்து சேர்ந்ததே, அதன் பிறகு போட்டது.

இந்த நாற்பது வரியைக் கடிதத்தில் விளக்கி முடிக்க முடியாது. நீ கேட்பாய், நான் எழுதுவேன், வேன் வரும், அதற்குள் ஏகாதசி வந்துவிடும். நாளை மாலை நான்கு மணிக்குப் போன் செய். எடுக்கிறேன். சபதப்படி ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீ பேசு. 'ஆமாம்' என்றால் முறுக்கை ஒரு தடவை கடிப்பேன், 'இல்லை' என்றால் இரண்டு தடவை. நாற்பத்தொன்பது இருக்கிறது. அது தீர்ந்ததும் சபதமும் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்றத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும்
உன் மாமா ராசப்பன்

சாட்சி: கியாசுதீன் (ஒரு முறுக்கு தின்றது நான்தான். மீதி நாற்பத்தெட்டு.)